கோல்ன் கான்சர்ட் எல்.பி.: மூணு மாசம் கேட்டுட்டு எழுதுதேன்

முதல்லயே சொல்லிடுதேன், நான் ஜாஸ் கேட்டு வளந்தவன் கெடையாது. பாளையங்கோட்டைல ஞாயித்துக்கெழம காலைல சர்ச்ல கீபோர்டு வாசிக்கிறவன், மிச்ச ஆறு நாளும் ஜங்ஷன் பக்கம் ஒரு ஆபீஸ்ல பில்லு போடுறவன். எங்க பக்கம் பியானோன்னா ஞானப்பாட்டு, கீர்த்தனை, டிசம்பர் வந்தா கேரல், கல்யாணத்துல பொண்ணு உள்ள வரும்போது ஒரு மார்ச், அம்புட்டுதான் சோலி. அதனால ஒருத்தன் தனியா உக்காந்து ஒரு மணி நேரத்துக்கு மேல, கையில ஒரு பேப்பர் இல்லாம, என்ன வாசிக்கப் போறோம்னு அவனுக்கே தெரியாம வாசிச்சதை காசு குடுத்து வாங்குதேன்னு சொன்னப்ப வீட்டுல ஒரு மாதிரியா பாத்தாவ. அமெரிக்க ஜாஸ் பியானோக்காரர் கீத் ஜாரெட்டோட தி கோல்ன் கான்சர்ட். 1975 ஜனவரி 24 ராத்திரி ஜெர்மனில கொலோன் (அவங்க பாசைல கோல்ன்) நகரத்து ஆப்பரா ஹவுஸ்ல வாசிச்சது, அதே வருசம் நவம்பர்ல இசிஎம்ங்கிற ஜெர்மன் ரெக்கார்டு கம்பெனி ரெண்டு எல்.பி. தட்டா, மொத்தம் நாலு பக்கமா போட்டுச்சு. 35 லட்சத்துக்கு மேல வித்திருக்கு, ஒத்த ஆளு வாசிச்ச ஜாஸ் ஆல்பத்துல இந்தளவு வித்தது வேற கெடையாது.

ஓசில போன்ல கேக்கலாமே, எதுக்கு தட்டுன்னு கேப்பீங்க. கேட்டேன், அப்படித்தான் ஆரம்பிச்சேன். இசிஎம்காரங்க ரொம்ப நாளா ஸ்ட்ரீமிங் பக்கமே வராம பிடிவாதமா இருந்து 2017 நவம்பர்லதான் எறங்கி வந்தாங்க, அதுக்கு அப்புறம் எல்லா ஆப்லயும் இருக்கு. ஆனா போன்ல கேட்டா நடுவுல யாராவது கூப்பிடுதான், ஓ.டி.பி. வருது, நம்ம கையும் சும்மா இருக்காது, பத்தாவது நிமிசத்துல வேற எங்கயோ போயிடுதோம். தட்டுன்னா எந்திரிச்சு போயி திருப்பிப் போடணும், அந்தப் பயத்துலயாவது ஒழுங்கா உக்காந்து கேப்போம்னு ஆன்லைன்ல ஒரு கடைல ஆர்டர் போட்டேன் (பேரு வேண்டாம்). நாலாயிரத்துக்கு கொஞ்சம் கம்மி. பத்து நாள் கழிச்சு வந்துச்சு, அட்டைப்பெட்டி ஒரு மூலை நசுங்கி, உள்ள கவரோட மூலையும் நசுங்கி. வெள்ளக் கவர் வேற, தல குனிஞ்சு பியானோ மேல கவுந்து கெடக்க அந்த மனுசனோட கறுப்பு வெள்ளப் படம், அதுல மூலைல மட்டும் சப்பாத்தி மாதிரி மடிப்பு. திருப்பி அனுப்பலாம்னா இன்னும் பத்து நாளு. சவத்த விடுன்னு வச்சுக்கிட்டேன், நல்லவேளை தட்டுல ஒரு கீறல் இல்ல.

இந்த ஆல்பத்தை பத்தி யாரு பேசுனாலும் மொத அந்த பியானோ கதைலதான் ஆரம்பிப்பாங்க, நானும் வெரசா சொல்லி முடிச்சுடுதேன். கச்சேரி ஏற்பாடு பண்ணுனது வேரா பிராண்டெஸ்னு ஒரு பொண்ணு, அப்ப வயசு 18. ஆப்பரா முடிஞ்சு அரங்கம் காலியான பெறகுதான் எடம் கெடைக்கும், அதனால ராத்திரி 11.30க்கு கச்சேரி. டிக்கெட் எல்லாம் வித்துப் போச்சு, 1400 பேரு கிட்ட. ஜாரெட் கேட்டது போசன்டார்ஃபர் 290 இம்பீரியல்னு பெரிய கிராண்ட் பியானோ, அதுல வழக்கமான 88 கட்டைக்கு பதிலா 97 கட்டை இருக்கும். ஆளுங்க மேடைல தூக்கி வச்சது அதே கம்பெனியோட குட்டி பியானோ, ஒத்திகைக்கு போட்டு அடிக்கிறது. சுருதி இல்ல, மேல் ஸ்தாயி தகரம் மாதிரி, கீழ பேஸ்ல சத்தமே இல்ல, பெடல் ஒழுங்கா வேல செய்யல. வேற பியானோ கொண்டு வரலாம்னா அந்தக் குளிர்லயும் மழைலயும் தூக்கிட்டு வந்தா அது போயிரும்னு ட்யூனர் சொல்லிட்டாரு. ஜாரெட்டுக்கு ஏற்கனவே முதுகுவலி, பெல்ட் கட்டிட்டு இருக்காரு, ஸ்விட்சர்லாந்துல இருந்து கார்ல வந்த களைப்பு, தூக்கம் இல்ல, ஓட்டல்ல சாப்பாடு லேட்டாகி சரியா சாப்பிடவும் இல்ல. வாசிக்க மாட்டேன்னு கெளம்பிட்டாரு. அந்தப் பொண்ணு கெஞ்சி நிறுத்துச்சு, ட்யூனர் மணிக்கணக்கா உக்காந்து சரி பண்ணுனாரு, ரெக்கார்டிங் ஆளுங்க மைக் எல்லாம் மாட்டி வச்சுட்டாங்க, சரின்னு உக்காந்தாரு. அம்புட்டுதான் கதை. 2025ல அந்தப் பொண்ணோட கதையா படமே வந்துடுச்சு, ஆனா படத்துல இந்த ரெக்கார்டிங் ஒரு துளி கெடையாதாம், கச்சேரி இல்லாத கச்சேரிப் படம்.

இதுல எனக்கு என்ன எரிச்சல்னா, இந்தக் கதை இப்ப மேனேஜ்மென்ட் கிளாஸ்ல, ஆபீஸ் ட்ரெயினிங்ல, வாட்ஸப் ஃபார்வேர்டுல எல்லாம் வந்து, கருவி மோசமா இருந்தாலும் மனசு இருந்தா சாதிக்கலாம்ங்கிற பாடமா ஆகிப் போச்சு. எங்க ஆபீஸ்லயே ட்ரெயினிங் எடுக்க வந்தவரு சொன்னாரு, கேட்டுட்டு பக்கத்துல இருந்தவன் என்ட்ட, அப்ப நம்ம பிரிண்டரை மாத்த மாட்டானுவ போலயேன்னான். கரெக்டா புடிச்சான். இந்த மாதிரி பேசுறவங்கள்ல முக்காவாசி பேரு முதல் பக்கத்தை முழுசா கேட்டிருக்க மாட்டாங்கன்னு நான் அடிச்சு சொல்லுவேன்.

நானும் ஓட்டைப் பியானோல வாசிச்சவன்தான், எனக்கு ஒரு கோல்ன் கான்சர்ட்டும் வரல. நான் படிச்ச பள்ளிக்கூடத்து ஹால்ல ஒரு பழைய நின்ன வாக்கு பியானோ உண்டு, வெள்ளக்காரங்க காலத்துது. ஐப்பசி மழை ஆரம்பிச்சுட்டா மரம் ஈரத்தை குடிச்சு உப்பிரும், நடு சி-க்கு மேல இருக்க எஃப் கட்டைய அமுக்குனா உள்ள போயி படுத்துக்கும், எந்திரிக்காது, நகத்தால நெம்பித்தான் தூக்கி விடணும். பெடல சணல் கயிறு போட்டு கட்டி வச்சிருந்தாவ. ஒரு வருசம் கேரல் எஃப் மேஜர்ல, எஃப் இல்லாம எஃப் மேஜர் எப்படி வாசிக்க? நான் பெரிய புத்திசாலின்னு நெனச்சு ஜி மேஜருக்கு தூக்கிட்டேன், அங்கன எஃப் ஷார்ப்தான் வேணும், அந்தப் படுத்த கட்டைய தொடவே வேண்டாம். ஆனா மேல பாடுற பிள்ளைங்க கதி என்னாகும்னு யோசிக்கல, உச்சில போயி ஆளாளுக்கு கிறீச்சுன்னு கத்திருச்சுவ. மியூசிக் சார் திரும்பிப் பாத்து, "ஏலே, யாரக் கேட்டு சுருதியத் தூக்குன?" அந்த ஒரு வார்த்தைதான், ஹால் முழுக்க கேட்டுச்சு. இதை எதுக்கு சொல்லுதேன்னா, கட்டை வேல செய்யலன்னா கை வேற பாதைய தேடும், அது வரைக்கும் நெசம். அந்தப் பாதைல போயி என்ன கெடைக்கும்ங்கிறது கையப் பொறுத்தது. அன்னைக்கு ஜாரெட்டுக்கு வயசு 29, அதுக்குள்ள சார்லஸ் லாய்டு, மைல்ஸ் டேவிஸ்னு ஜாஸ்ல பெரிய தலைங்க ரெண்டு பேரு கிட்டயும் வேல பாத்து முடிச்சாச்சு, தனியா உக்காந்து வாசிக்கிற கச்சேரியும் ரெண்டு வருசமா பண்ணிட்டு இருக்காரு. பியானோதான் திடீர்னு மோசமாச்சு, கை திடீர்னு வரல.

சரி, பியானோவால பாட்டுல என்ன மாறிச்சுன்னா, மேலயும் போக முடியல கீழயும் போக முடியல, ரொம்ப நேரம் நடுவுலயே உக்காந்துட்டாரு. பேஸ்ல கனம் இல்லாததால இடது கை ஒரே சின்ன வடிவத்தை திரும்பத் திரும்ப உருட்டுது, சத்தம் பத்தாததை எண்ணிக்கைய வச்சு ஈடுகட்டுற மாதிரி. முதல் பக்கம் 26 நிமிசம். ஆரம்பமே தமாசு, அந்த ஆப்பரா ஹவுஸ்ல நிகழ்ச்சி ஆரம்பிக்கப் போகுது உள்ள வாங்கன்னு அடிப்பாங்கல்ல ஒரு மணி, அந்த மணியோட ஸ்வரத்தைத்தான் முதல்ல வாசிக்காரு, கூட்டத்துல சிலருக்கு புரிஞ்சு சிரிக்கிற சத்தம் உத்துக் கேட்டா தட்டுல விழுந்திருக்கு. அந்த மணில இருந்து பைய நூல் நூத்து, ஏழெட்டு நிமிசம் அங்கயும் இங்கயும் அலைஞ்சு, அப்புறம் இடது கை ஒரு எடத்துல காலை ஊனும் பாருங்க, அங்கதான் நான் முதல் தடவ நிமிந்து உக்காந்தேன். அந்தப் பக்கத்துல 12 நிமிசம் கிட்ட வெறும் ஏ மைனர் செவன், ஜி மேஜர், ரெண்டே கார்டு (சில ஸ்வரத்தை ஒண்ணா சேத்து அமுக்குறது). சர்ச்ல வாலிபர் கூட்டத்துக்கு கிடார் பழகுற பய ரெண்டாவது நாள் படிக்கிற கார்டு. அதை வச்சுட்டு அந்த மனுசன் ஒரு நேரம் காஸ்பெல் பாட்டு மாதிரி தட்டுதாரு, ஒரு நேரம் தனியா அழுற மாதிரி போறாரு, கால் வேற தரைல டொம் டொம்னு மிதிக்கிது, அதுவும் ரெக்கார்டுல இருக்கு. கடைசி ஆறு நிமிசம் ஏ மேஜருக்கு திரும்பி ஒரு மெட்டு வரும். அதை நான் இப்ப சர்ச்ல காணிக்கை எடுக்கும்போது கொஞ்சம் மாத்தி வாசிக்கிறேன், இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்கல.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி, போஸ்ட் ஆபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவரு, நாகஸ்வரப் பைத்தியம். காருக்குறிச்சி அருணாசலம் கேசட்டு எல்லாம் பொட்டிப் பொட்டியா வச்சிருக்காவ, சேரன்மாதேவி தாண்டி இருக்க அந்த ஊருக்காரரு 1964லயே போய்ச் சேந்துட்டாரு, ஆனா அண்ணாச்சி பேசுனா நேத்துதான் கோயில்ல வாசிச்சுட்டு போன மாதிரி இருக்கும். ஒரு ராத்திரி கரண்ட் போயி வந்த பெறகு முதல் பக்கத்தை போட்டேன், சத்தம் கேட்டு அவிய உள்ள வந்து சேர்ல உக்காந்தாவ. அஞ்சு நிமிசம் பேசல. அப்புறம், "பாடுதானா, இல்ல வயித்துவலியா?"ன்னாவ. ஜாரெட் வாசிக்கும்போது கூடவே முனங்குவாரு, ஈஈன்னு, ஊஊன்னு, சில எடத்துல கத்தவே செய்வாரு, அதத்தான் சொல்லுதாவ. அது அப்படித்தான் அண்ணாச்சின்னேன். இன்னும் கொஞ்ச நேரம் கேட்டாவ. "ஆலாபனைதான வே இது. பல்லவி எப்ப வரும்?" பல்லவி வராது அண்ணாச்சி, இது முழுக்க இப்படியேதான் போகும்னேன். சரி சரின்னு தலையாட்டிட்டு, இடது கை அந்த ரெண்டு கார்டை உருட்டிட்டு இருக்க எடத்துல வெரலை தூக்கிக் காட்டுனாவ. "இங்கன பாரு, ஒத்து ஊதுறவனும் இவனே, வாசிக்கிறவனும் இவனே."

இந்த ஆல்பத்தை பத்தி நான் படிச்ச விமர்சனத்துல ஒண்ணு கூட இந்தளவுக்கு புடிக்கல. நாகஸ்வரக் கச்சேரில ஒத்துக்காரர்னு ஒருத்தரு இருப்பாரு, ராத்திரி முழுக்க ஒரே சுருதிய புடிச்சுட்டு நிப்பாரு, யாரும் அவரைப் பாக்க மாட்டாங்க, ஆனா அவரு மூச்சை விட்டா மேல வாசிக்கிறவருக்கு நிக்க எடம் இருக்காது. ஜாரெட்டோட இடது கை அந்த ஒத்துக்காரர். வித்தியாசம் என்னன்னா இந்த ஒத்துக்காரர் சும்மா நிக்காம கூடவே நடக்காரு.

இப்ப விமர்சகர்கள் சண்டைக்கு வருவோம். ஒரு பக்கம் இது இருபதாம் நூற்றாண்டோட பெரிய ரெக்கார்டுகள்ல ஒண்ணுன்னு தூக்கி வச்சுக்கிட்டாங்க. 2025ல அமெரிக்க காங்கிரஸ் நூலகம் நாட்டோட பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகள்ல இதையும் சேத்துச்சு, அதே பட்டியல்ல மைல்ஸ் டேவிஸோட பிச்சஸ் ப்ரூ ஆல்பமும் உண்டு, விண்டோஸ் 95 கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது வந்துச்சே ஒரு சத்தம், அதுவும் உண்டு, என்னத்த சொல்ல. இன்னொரு பக்கம் ஜாஸ் ஆளுங்கள்ல ஒரு கூட்டம் இதை ஜாஸ்னே ஒத்துக்க மாட்டாங்க. ஸ்விங் (ஜாஸ்ல தாளம் ஊஞ்சல் மாதிரி ஆடுறது) எங்கன்னு கேப்பாங்க, கார்டு மாறவே மாட்டேங்குது, இனிப்பு ஜாஸ்தி, சொன்னதையே சொல்லுதான்னு சொல்லுவாங்க. இன்னும் சில பேரு இதுக்கு பின்னாடி எண்பதுகள்ல வந்த நியூ ஏஜ் பியானோ இருக்கே, ஸ்பால, லிஃப்ட்ல, பல் ஆஸ்பத்திரில ஓடுறது, அந்தப் பாவம் முழுக்க இந்த ஆல்பத்து தலைலதான் விழும்னு சொல்லுவாங்க. இதுல கூத்து என்னன்னா ஜாரெட்டே அந்தக் கட்சி பக்கம் பாதி சாஞ்சவரு. 1992ல டெர் ஷ்பீகல்ங்கிற ஜெர்மன் பத்திரிகைக்கு குடுத்த பேட்டில, இது வெறும் பின்னணி இசையா ஆகிப் போச்சுன்னு குறைப்பட்டிருக்காரு. அதுக்கு முன்னாடி பியானோ வாசிக்கிறவங்க எல்லாம் வாசிச்சதை ஸ்வரம் ஸ்வரமா நோட்டா எழுதித் தாங்கன்னு வருசக்கணக்கா நச்சரிச்சதுல 1991ல ஒரு வழியா நோட்டு புஸ்தகம் வந்துச்சு, ஆனா ஒரு கண்டிசன், புஸ்தகமும் ரெக்கார்டும் முரண்பட்டா ரெக்கார்டுதான் கடைசி வார்த்தைன்னு. ஒரு ராத்திரி வாசிச்சு மறக்க வேண்டியதை இப்படி பரீட்சைக்கு படிக்கிற மாதிரி மனப்பாடம் பண்ணுறாங்களேன்னு அவருக்கு கடுப்பு, நியாயம்தான்.

எனக்கு இந்த இனிப்பு குற்றச்சாட்டுல பாதிதான் ஒத்துக்க முடியும். (திருநெல்வேலிக்காரன் இனிப்பை பத்தி பேசுதான்னா அடுத்து அல்வா வரும்னு எதிர்பாப்பீங்க, வராது.) திரும்பத் திரும்ப வருதுங்கிறதே குத்தம்னா நம்ம ஊரு கோயில் கொடைல வில்லுப்பாட்டு கேக்கவே முடியாது. குடத்துக்காரர் ராத்திரி பூரா ஒரே அடிதான் அடிக்காரு, பின்பாட்டுக்காரர் ஆமா ஆமான்னுதான் சொல்லுதாரு, அதுக்கு மேலதான் முன்னாடி பாடுற அண்ணாவி கூட்டத்தோட மொகத்தைப் பாத்து கதைய இழுக்கவும் சுருக்கவும் செய்யுதாரு. ஒரே மாதிரி இருக்க ஒண்ணு கீழ ஓடுறதாலதான் மேல நடக்குற சின்ன மாத்தம் காதுல விழுது. முதல் பக்கத்துல அதுதான் நடக்கு. ரெண்டாவது தடவ, மூணாவது தடவ கேக்கும்போது இடது கைய மட்டும் கேளுங்க, ஒரு சுத்துக்கும் அடுத்த சுத்துக்கும் நடுவுல ஒரு வெரல் மட்டும் எடம் மாறும். பல் ஆஸ்பத்திரி பியானோல அது இருக்காது, அங்க ஒரு சுத்து கேட்டா நூறு சுத்தும் கேட்ட மாதிரி.

ஆனா மூணாவது பக்கத்துக்கு நான் வக்கீல் வேல பாக்க மாட்டேன். ரெண்டாவது தட்டோட முதல் பக்கம், 18 நிமிசம், எஃப் ஷார்ப் மைனர்ல ஆரம்பிக்கிற அந்த பாகம். முதல்ல நல்லாத்தான் இறுக்கமா போகும், அப்புறம் நடுவுல இடது கை மாட்டிக்கிட்ட மாதிரி, வலது கைக்கும் என்ன பண்ணன்னு தெரியல, ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுல பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்காங்க. சுவாரசியமான பொறுமைன்னு இதுக்கு பேரு வைக்கலாம், வச்சிருக்காங்க, ஆனா எனக்கு மூணு மாசமா அந்த எடத்துல டீ குடிக்கப் போற பழக்கம் ஆகிப் போச்சு. முன்னாடியே திட்டம் இல்லாம வாசிக்கிறவன் சில நேரம் வழி தெரியாம நிப்பான், அது அந்த வித்தையோட வெலை. அதையும் அறுத்து எறியாம தட்டுல விட்டிருக்காங்க பாருங்க, அதுக்காக மரியாதை உண்டு, டீயும் உண்டு.

ரெண்டாவது பக்கத்தை ஒரு வார்த்தை சொல்லிட்டு போயிடுதேன், டி மேஜர்ல கிட்டத்தட்ட எட்டு நிமிசம் குதிச்சுட்டு ஓடும், காலைல வண்டி ஓட்டும்போது கேக்க வேண்டியது, வண்ணாரப்பேட்டைல இருந்து ஈரடுக்கு பாலம் வரைக்கும் சிக்னல் விழாம போற அபூர்வமான நாளுல போடுங்க.

நாலாவது பக்கம்தான் எனக்கு உசுரு. ஏழு நிமிசம் கூட இல்ல, அந்தப் பக்கத்துல வேற ஒண்ணும் கெடையாது, தட்டுல முக்காவாசி எடம் சும்மா கெடக்கு. கச்சேரி முடிஞ்சு கூட்டம் விடாம கைதட்டி திரும்ப வரவச்சு வாசிச்சது. இதுல ஒரு விசயம் நெறைய பேருக்கு தெரியாது, ஆல்பம் முழுக்க அந்த நிமிசத்துல தோணுனதுன்னு பேரு வாங்கிருச்சு, ஆனா இந்தக் கடைசித் துண்டு முன்னாடியே போட்டு வச்ச மெட்டு, ஜாஸ் வாசிக்கிறவங்க கையில புழங்குற நோட்டு புஸ்தகத்துல மெமரீஸ் ஆஃப் டுமாரோன்னு தனி பேர்லயே இருக்கு. எனக்கு இது தெரிஞ்சப்ப ஏமாத்தமா இல்ல, நிம்மதியாத்தான் இருந்துச்சு. ஒரு மணி நேரம் கண்ண கட்டிட்டு காட்டுல நடந்தவன் கடைசில தன் வீட்டு வாசலை மிதிக்கிற மாதிரி. அண்ணாச்சி கேட்ட பல்லவி இங்கனதான் இருக்கு, அன்னைக்கு முதல் பக்கத்தோட எந்திரிச்சு போயிட்டாவ.

தட்டுல ஒரு தொல்ல உண்டு, இடைவேளைக்கு அப்புறம் வாசிச்ச ரெண்டாவது பகுதி முழுக்க ஒரே ஓட்டம், ஆனா எல்.பி. ஒரு பக்கத்துல அவ்வளவு நேரம் கொள்ளாதுல்ல, ஏ பி-ன்னு வெட்டி அடுத்த தட்டுக்கு போட்டுட்டாங்க. எந்திரிச்சுப் போயி தட்டை மாத்துறதுக்குள்ள சூடு ஆறிப்போகுது. அந்த ஒரு எடத்துல சி.டி.யோ போனோதான் ஒசத்தி. சத்தத்தை பொறுத்தவரை, ரெண்டு நியூமன் மைக்கு, ஒரு தூக்கிட்டுப் போற டெலிஃபங்கன் டேப் மெஷின், மார்ட்டின் வீலாண்ட்னு ஒரு எஞ்சினியர், அம்புட்டுதான் செட்டு, அதுல இவ்வளவு எடுத்திருக்காங்கன்னா பெரிய விசயம். அப்புறம் தயாரிப்பாளர் மன்ஃப்ரெட் ஐஷரும் எஞ்சினியரும் ஸ்டுடியோல உக்காந்து ரொம்ப மெனக்கெட்டு துடைச்சிருக்காங்க. ஆனாலும் மேல் ஸ்தாயில அந்த தகரம் தகரம்தான், நல்ல ஸ்பீக்கர்ல போட்டா இன்னும் நல்லா தெரியும். எனக்கு அது புடிச்சிருக்கு, பள்ளிக்கூடத்து ஹால் ஞாபகம் வருது. முனங்கல் விசயத்துல நான் அண்ணாச்சி கட்சியும் இல்ல எதிர்க்கட்சியும் இல்ல, ஹெட்போன்ல கேட்டா காதுக்குள்ள வந்து முனங்குற மாதிரி கூச்சமா இருக்கும், ஸ்பீக்கர்ல கேட்டா பழகிரும்.

இது புடிச்சா அடுத்து என்ன கேக்கன்னு கேக்குறவங்களுக்கு: இதுக்கு ரெண்டு வருசம் முன்னாடி 1973ல பிரெமன், லொசான் ரெண்டு ஊர்ல வாசிச்சது மூணு தட்டா வந்திருக்கு. என்னைக் கேட்டா வாசிப்புன்னு பாத்தா அதுதான் ஒசத்தி, நல்ல பியானோ கெடைச்சா இந்தக் கை எங்கெல்லாம் போகும்னு அதுல தெரியும், விமர்சகர்கள்ல நெறைய பேருக்கும் அதே அபிப்பிராயம்தான். 1976ல ஜப்பான்ல வாசிச்ச கச்சேரிங்க பத்து தட்டு, அது கல்யாண வீட்டுப் பந்தி, எனக்கு இன்னும் எலைல பாதி அப்படியே இருக்கு. உடம்பு சரியில்லாம ஒடுங்கிக் கெடந்து தேறி வந்த காலத்துல வீட்டுலயே ரெக்கார்டு பண்ணி 1999ல வந்த தி மெலடி அட் நைட், வித் யூ இருக்கே, அது சின்னச் சின்ன பாட்டு, அலட்டல் இல்லாதது, ஜாஸ் பக்கமே போகாதவங்க அதுல ஆரம்பிக்கலாம். 2018ல ரெண்டு தடவ பக்கவாதம் வந்து இடது கை போயிருச்சு மனுசனுக்கு, ஒத்துக்காரர் கை. இது தெரிஞ்ச பெறகு முதல் பக்கத்துல அந்த ரெண்டு கார்டு வரும்போது சத்தத்தை கொஞ்சம் கூட்டி வைக்கிறேன்.

வாங்கலாமான்னா, தட்டு ஓட்டுற மெஷின் ஏற்கனவே வீட்டுல இருந்தா வாங்குங்க, இதுக்காக மெஷின் வாங்காதீங்க, போன்லயே இருக்கு. வாங்குனா நம்ம ஊரு சித்திரை வெயில்ல மாடி ரூம்ல மட்டும் வச்சிராதீங்க, அப்பளம் மாதிரி வளஞ்சிரும், என்ட்ட ஒரு பழைய கேரல் தட்டு அப்படித்தான் போச்சு. முதல் பக்கத்துக்கு அஞ்சுக்கு அஞ்சு, ரெண்டாவதுக்கு நாலு, மூணாவதுக்கு ரெண்டரையும் ஒரு டீயும், நாலாவதுக்கு மார்க் போட மனசு வரல. பேக்கிங்குக்கு சைபர்.

போன வாரம் அண்ணாச்சிய கையப் புடிச்சு இழுத்துட்டு வந்து நாலாவது பக்கத்தை போட்டுக் காட்டுனேன். ஏழு நிமிசமும் வாயத் தொறக்கல. முடிஞ்ச பெறகு சட்டைப் பைல இருந்து ஒரு பென்டிரைவ எடுத்து மேசைல வச்சாவ, "இது மட்டும் ஏத்திக் குடு. அந்த முனங்கலை எடுத்துட்டு ஏத்த முடியுமாடே?"